அச்சில் இரண்டாவது துளை

அத்தியாயம் 7

நசுங்கிய வண்டிகளைப் போட்டு வைக்கும் இடத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. கூலாய்க்கு வெளியே, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஒரு சீனர் நடத்தும் அந்த முள்கம்பி வேலிக்குள், துப்பறியும் ஷாமளா ஒரு ஜீப்பின் மூக்கைப் பிளந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். முழங்கால் வலித்தது. ஐம்பது வயதான முழங்காலுக்கு வலிப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை.

"அக்கா, இந்த வெயில்ல இன்னும் கொஞ்ச நேரம் நின்னா, எங்கப்பா கடையில என்னைய தந்தூரின்னு போர்டுல எழுதிடலாம்," என்றான் ஜாஸிம்.

அவன் அவளுடைய உதவியாளன். ஜோகூர் பாருவில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா வீச மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு இவளிடம் வந்து சேர்ந்தவன். பரோட்டாவை விட்டான், கடையில் பழகிய வாயை விடவில்லை. ஷாமளாவோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைத் தொலைத்தவள். சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கினால் இரும்பு நாற்றத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாள். நினைத்தது எதுதான் நடந்திருக்கிறது.

ஜீப் செடெனாக் ஊர்க்காரர் சுகுமாறனுடையது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, மனுஷனுக்கு அது இன்னொரு பிள்ளை. போன மாதம் பழைய ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியை முந்தப் போனவருக்கு, பாதி முந்தும்போது எஞ்சின் அணைந்துவிட்டது. எதிரே இன்னொரு லோரி. அந்த இடத்திலேயே போய்விட்டார்.

எஞ்சின் ஏன் அணைந்தது என்று போலீஸ் கண்டுபிடித்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சாமான் உண்டு. சிலிண்டர் சிலிண்டராக முறை வைத்துத் தீப்பொறி கொடுப்பது அதுதான். அதன் அடியில் ஷாஃப்ட் என்னும் ஓர் அச்சு. அச்சின் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கியர். எஞ்சின் அந்தக் கியரைச் சுற்றினால்தான் தீப்பொறி வரும். இந்த ஜீப்பில் கியரின் பற்கள் தேய்ந்து மழுங்கிக் காணாமலே போயிருந்தன.

அதற்கும் காரணம் இருந்தது. சுகுமாறன் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்தான் களைத்துப்போன பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த புதிய ரக எஞ்சின் ஒன்றை, ஓடிய வண்டிகளை அறுத்து விற்கும் ஹாஃப்-கட் கடையில் வாங்கி ஏற்றினார். புதியதில் தீப்பொறிக்குக் கம்ப்யூட்டர். அவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே இதிலும் மாட்டு என்றார். மாட்டலாம். ஆனால் பழைய கியர் வார்ப்பிரும்பு. புதிய எஞ்சினுக்குள் அதைச் சுற்றும் தண்டோ கெட்டி எஃகு. அப்படியே மாட்டினால் எஃகு இரும்பை மென்று துப்பிவிடும். எஃகுக் கியர் வாங்கி மாற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும்.

மாற்றினேன் என்று சத்தியம் செய்தார் வேலை பார்த்த போமென், அதாவது மெக்கானிக், ரூபேந்திரன். போலீஸ் கையில் கிடைத்ததோ மென்று துப்பிய வார்ப்பிரும்புக் கியர். எஃகுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே மாட்டி ஓர் ஆளைக் கொன்றுவிட்டான் என்று சுகுமாறனின் மகன் புகார் கொடுத்துவிட்டான். ரூபேந்திரன் இப்போது லாக்கப்பில். நாளைக் காலை குளுவாங் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். பார்க்கப் போன மனைவி கஸ்தூரியிடம் அவர் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு விஷயம்: 'கியர அவங்க வச்சுக்கட்டும். யாராச்சும் ஷாஃப்ட்ட பாக்கச் சொல்லு.' அதைக் கேட்டுத்தான் கஸ்தூரி ஷாமளாவைத் தேடி வந்தாள்.

கியரைக் கழற்றி எடுத்துக்கொண்ட போலீஸ், மீதி டிஸ்ட்ரிபியூட்டரை ஜீப்பிலேயே விட்டு வைத்திருந்தது. ஷாமளா அதை வெளியே இழுத்து, மொட்டையாக நின்ற அச்சைத் துணியால் துடைத்தாள். குறுக்கே ஒரு துளை. கியரையும் அச்சையும் சேர்த்துக் கோக்கும் பின் அதில்தான் போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், ஆகாயம் தெரிந்தது. அச்சைக் கால் சுற்று திருப்பினாள். மறுபடியும் ஆகாயம் தெரிந்தது.

"ரெண்டு ஓட்டை," என்றாள்.

"மூக்குக்குக்கூட ரெண்டுதான்க்கா."

"ஒரு கியருக்கு ஒரு பின்னு. ஒரு பின்னுக்கு ஒரு ஓட்டை. ரெண்டு ஓட்டை எதுக்கு?"

ஜாஸிம் குனிந்து பார்த்தான். "ரெண்டு கியர் மாட்டியிருக்காங்க. அப்ப போமென் புதுசு மாட்டுனது நெஜம். பெறகு யாரோ அத கழட்டிட்டு பழசயே மாட்டி விட்டிருக்காங்க." நிமிர்ந்தான். முகத்தில் பந்தி போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவனின் சந்தோஷம். "அக்கா, இது விபத்து இல்ல. கொலை."

"இருக்கலாம்." ஷாமளாவுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. வெயிலில் தலை கனத்தது. "ஆனா இந்த ஓட்டைய மட்டும் கொண்டுபோய் காட்டுனா, அதயும் போமெனே போட்டுட்டான்னு சொல்லுவாங்க. கழட்டுன எஃகு கியர் வேணும். இன்னிக்கே வேணும்."

"கொலகாரன் அத பத்திரமாவா வச்சிருப்பான்?"

"கொலகாரனா இருந்தா வச்சிருக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு அவள் காருக்கு நடந்தாள்.

ரூபேந்திரனின் கடை இருந்த ரெங்கம் போகும் வழியெல்லாம் செம்பனை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இருட்டு. ஜாஸிம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சந்தேகப் பட்டியலை வளர்த்துக்கொண்டே வந்தான். தொழில் போட்டியில் இன்னொரு போமென், பாகம் பிரிக்காத தம்பி, ஹாஃப்-கட் கடைக்காரன். ஷாமளா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் காரை நிறுத்தும்போது பட்டியலில் லோரி ஓட்டியவனின் மச்சான்கூடச் சேர்ந்திருந்தான்.

பெங்கெல், வண்டி பழுது பார்க்கும் அந்தப் பட்டறை, டவுனுக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது. இறக்கி விட்டிருந்த இரும்புக் கதவில் சிவப்புப் பெயிண்டில் 'கொலைகாரன்' என்று ஓராள் உயரத்துக்கு எழுதியிருந்தது. கஸ்தூரி தின்னர் டின்னும் துணியுமாக அதன் முன்னால் நின்றாள். ஓர் எழுத்து மட்டும் பாதி அழிந்திருந்தது. கை ஓய்ந்து போயிருந்தது.

"ஷாஃப்ட்ட பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். உங்க வீட்டுக்காரரு பொய் சொல்லல."

கஸ்தூரி அழவில்லை. துணியை மடித்து டின்மேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனாள். அவள்தான் அந்தக் கடையின் இரண்டாவது கை. ரூபேந்திரன் காருக்கு அடியில் படுத்தால் இவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள்.

"புது கியர மாட்டறப்ப கூட இருந்தீங்களா?" என்று கேட்டாள் ஷாமளா.

"நாந்தான் டார்ச் புடிச்சேன். புதுசுல பின்னுக்கு ஓட்டையே இருக்காதுக்கா. நம்மதான் ட்ரில் போடணும். பழைய ஓட்டைக்கு நேரா போட்டா ஒரு முடி தள்ளிப் போனாலும் ஆடும்னு, குறுக்கால புதுசா போட்டாரு."

"கழட்டுன பழசு?"

"அது வண்டிக்காரருகிட்டயே போயிடும்ல." இதைக்கூடக் கேட்பார்களா என்பதுபோல் பார்த்தாள். "மாத்துனேன்னு வாயால சொன்னா யாரு நம்புறாங்க? பழச கண்ணுல காட்டணும். புதுச பெட்டியிலேருந்து எடுத்து மாட்டிட்டு, பழச அதே பெட்டியில போட்டு வண்டி பின்னால வச்சிடுவோம். இங்க எல்லா போமெனும் அப்படித்தான்."

"எங்கப்பாவும் அப்படித்தான்," என்றான் ஜாஸிம். "பிஸ்கட் டின்ன தொறந்தா உள்ள மொளகாத்தூள் இருக்கும்."

ஷாமளா அவன் பக்கம் திரும்பினாள். பாராட்டுகிறாளா முறைக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் மறுபடி கஸ்தூரியிடம், "பழசு அழுக்காத்தானே இருக்கும்?" என்றாள்.

"மத்தவங்க அப்படியே போட்டுக் குடுப்பாங்க. இவரு மண்ணெண்ணெயில கழுவி, தொடச்சி, பேப்பர்ல சுத்தி வைப்பாரு. நம்ம அழுக்க அவங்க வண்டியில ஏத்தக்கூடாதும்பாரு." அதுவரை தாங்கிய குரல் அங்கே உடைந்தது. "அப்படிப்பட்ட மனுசன்க்கா."

ஷாமளா கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். முழங்காலுக்காக மட்டும் அல்ல.

"சுகுமாறன் மகன் இங்க வந்து சத்தம் போட்டான்னு சொன்னீங்கல்ல. என்ன சொன்னான்? அவன் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"தீபனா? எல்லாந்தான் சொன்னான். எங்கப்பாவ கொன்னுட்டீங்கன்னான். பெட்டியில வச்சுக் குடுத்ததே டூப்ளிகேட்டுன்னான். அந்த பெட்டிய ஒன் வாயில திணிக்கிறேன்னு இவர அடிக்கப் போனான்."

"பெட்டியில வச்சுக் குடுத்ததா?"

"ஆமாக்கா. அதத்தான் திரும்பத் திரும்ப சொன்னான்."

ஷாமளா எழுந்து, கஸ்தூரியின் தோளில் ஒரு தரம் கை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் செடெனாக் பக்கம் திரும்பிய பிறகுதான் ஜாஸிம் வாயைத் திறந்தான்.

"எனக்கு மண்டையில ஏறலக்கா. டூப்ளிகேட்டுன்னா டூப்ளிகேட்டு. அதுல என்னா?"

"போமென் மாட்டுன கியர் எஞ்சினுக்குள்ள இருந்துச்சு. பெட்டியில இருந்தது என்னா?"

"பழசு."

"பெட்டியில இருந்தத பத்தி தீபன் ஏன் கவலப்படணும்?"

செம்பனை மரங்கள் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று பின்னால் போயின. "அலமாக்," என்று மெதுவாக வியந்தான் ஜாஸிம். அதற்கப்புறம் செடெனாக் வரைக்கும் அவன் பகடி எதுவும் செய்யவில்லை. அவனோடு வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

தீபன் ஃபேக்டரி சட்டையோடு வாசலில் உட்கார்ந்து, காலில் மாட்டிய சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை, ஷிஃப்டுக்குப் பஸ் வரும் நேரம். ஹாலில் சுகுமாறனின் படத்துக்கு மாலை. பக்கத்தில் குட்டி மின்விளக்கு. அம்மா ராசம்மா வந்தவர்கள் யாரென்றுகூடக் கேட்காமல், உட்காருங்க, தேத்தண்ணி போடுறேன் என்று அடுப்படிக்குப் போனாள். துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுப் போட்டு அந்தக் கால்களுக்கு வழி பழகிவிட்டது.

ஷாமளா தான் யார் என்று சொன்னாள். யாருக்காக வந்திருக்கிறாள் என்றும் சொன்னாள். தீபனின் முகம் இறுகியது.

"அவனுக்காகவா? எந்திரிச்சுப் போயிடுங்க."

"போறேன் தம்பி. ஒன்னே ஒன்னு. பெட்டியில இருந்தது டூப்ளிகேட்டுன்னு எப்படி தெரியும்? அத யாரு எடுத்து எஞ்சின்ல மாட்டுனது?"

கயிறு பாதி முடிச்சில் நின்றது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் தலையை நிமிர்த்தினான். ஒளிக்க வேண்டும் என்று அந்த முகத்தில் இல்லை. கோபம்தான் இருந்தது.

"நாந்தான். என்னா இப்ப? புது கியர் பளபளன்னு பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. ஓடிக்கிட்டிருந்தத கழட்டிப் பாத்தா கருப்பா எண்ண புடிச்சுக் கெடக்கு. காச வாங்கிட்டு பழசயே மாட்டியிருக்கான். அப்பாகிட்ட சொன்னா அவன்தான் நல்லவன்பாரு. அதான் நானே ஒரு லீவு நாள்ல மாத்தி வச்சேன். பாத்தா அந்த புதுசும் போலி. தேஞ்சு போய் எங்கப்பாவ..." முடிக்க முடியவில்லை.

"இத போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரு மாட்டுனா என்னா? சாமான் அவன் குடுத்ததுதானே."

"கழட்டுனது எங்க?"

"வச்சிருக்கேன். கோர்ட்டுல அவன் மூஞ்சிக்கு முன்னால வைக்க." உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவிழ்த்தான். எண்ணெய்க் கறுப்போடு ஒரு கியர். ஒரு பல்கூடத் தேயவில்லை.

ஜாஸிம் மூச்சை இழுத்துவிட்டான். தேடி வந்தது கண்முன்னால் கிடக்கிறது. எட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஷாமளா எடுக்கவில்லை. இந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் வழியெல்லாம் அவளுக்கு அலுப்பாக இருந்தது. கெட்டவன் ஒருத்தனை எதிரே உட்கார வைத்துப் பேசுவது எவ்வளவோ சுலபம்.

"தம்பி, பெட்டியில இருந்தத மாட்டறப்ப ட்ரில் போட்டீங்களா?"

"ட்ரில் எதுக்கு? ஓட்டை இருந்துச்சே. பின்னு நேரா போச்சு. தட்டக்கூட வேண்டியதில்ல, அவ்ளோ கரெக்டா..."

அவன் மெயின்டனன்ஸ்காரன். பம்பு, மோட்டார், கியர் என்று பாதி நாள் இதே வேலை. வாக்கியத்தை முடிக்கும் முன்னாலேயே அவனுக்கு அது எட்டிவிட்டது. எட்டியதை அவன் முகம் ஏற்க மறுப்பதை ஷாமளா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது கியர்ல பின்னுக்கு ஓட்டை இருக்காது," என்றாள் மெல்ல. "ஷாஃப்ட்டுல ரெண்டு ஓட்டை இருக்கு, நா பாத்துட்டு வரேன். நீங்க மாட்டுனது அவ்ளோ கரெக்டா உக்காந்துச்சுன்னா, அது ரொம்ப வருசமா அங்கயே இருந்த கியர். பழச கழுவி, புதுசு வந்த பெட்டியில போட்டு திருப்பிக் குடுத்திருக்காரு. மாத்திட்டேன்னு காட்ட."

தீபன் டூல் பாக்ஸைத் திறந்து ஓர் அரத்தை எடுத்தான். துணியில் கிடந்த கியரின் ஓரத்தில் வைத்து இழுத்தான். வார்ப்பிரும்பாக இருந்தால் அரம் கடித்திருக்கும். வழுக்கியது. அழுத்தி இழுத்தான். கிறீச்சென்று வீடெல்லாம் கேட்டது. கியரில் ஒரு கீறல் விழவில்லை. மூன்றாவது தரமும் இழுத்துப் பார்த்தான். ஜாஸிம்தான் கையை நீட்டி, "போதும் ப்ரோ," என்று அரத்தை வாங்கி வைத்தான்.

வெளியே ஃபேக்டரி பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. இன்னொரு தரம் அடித்துவிட்டு அது போய்விட்டது.

"நல்லதத்தான் மாட்டியிருந்தாரு," என்றான் தீபன். தரையைப் பார்த்தே பேசினான். "நான் கழட்டிட்டேன்."

பொய்யாக ஆறுதல் சொல்ல ஷாமளாவுக்கு மனம் வரவில்லை. "அப்பாவ காப்பாத்தத்தான் செஞ்சீங்க," என்றாள். அது மெய்தான். அதனால் அவனுக்கு வலி குறையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என்னைய உள்ள வைப்பாங்களா?"

"தெரியாது. வேணும்னு செய்யலன்னு நான் வந்து சொல்லுவேன். ஆனா ஒருத்தரு ஒன்னுமே செய்யாம உள்ள இருக்காரு. நீங்களா இன்னிக்கு வந்து சொல்றது வேற, நாளைக்கு நான் போய் சொல்றது வேற."

அவன் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "வரேன். ஆனா ஒன்னு. பெட்டிய பாத்தது நான் இல்லக்கா. கோயிலுக்கு அன்னதான சாமான் ஏத்தறப்ப அம்மாதான் பாத்தாங்க. 'புதுசு இங்க கெடக்குதுடா, அந்த போமென் உங்கப்பாவ ஏமாத்திட்டான், நீயே பாத்து மாத்து'ன்னு கையில குடுத்தாங்க. அவங்களுக்கு இது தெரிஞ்சா அவ்ளோதான். நானே பாத்ததா இருக்கட்டும்."

ஜாஸிம் ஷாமளாவைப் பார்த்தான். இப்படியான இடங்களில் அவள் என்ன சொல்வாள் என்று இத்தனை நாள் கூட இருந்தும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"மாட்டுனது யாருன்னுதான் கேப்பாங்க," என்றாள் அவள். "பெட்டிய யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. என் காதுல விழவும் இல்ல."

தேத்தண்ணி வராமலே மூவரும் எழுந்தார்கள். தீபன் அடுப்படி வாசலில் நின்று, போலீஸ் பாலாய் வரைக்கும் போய் ஒரு கையெழுத்து போட்டுட்டு வரேம்மா என்றான். ஜாஸிம் காரைக் கிளப்பி, கேட்டைத் தாண்டத் திருப்பும்போது, ராசம்மா காரின் முன்னால் வந்து நின்றாள். கையில் ஓர் அட்டைப் பெட்டி. மூடியில் ஒட்டியிருந்த பசைத்தாள் பாதி கிழிந்திருந்தது.

சுற்றிவந்து, மகன் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலில் அதை நீட்டினாள்.

"இதயும் கொண்டு போ. எடுத்துக் குடுத்தது நாந்தான்னு சொல்லு."

"அம்மா..."

"அரம் சத்தம் கேட்டுச்சு. கதவு தொறந்துதான கெடக்கு, பேசுனதும் கேட்டுச்சு." குரல் நடுங்கவில்லை. ஒரு மாதமாக அழுது அது தேய்ந்து போயிருந்தது. "அந்த போமென் நாசமா போகணும்னு தெனம் வெளக்கேத்திக் கும்பிட்டேன்டா." கதவைத் திறந்தாள். "தள்ளி உக்காரு. நானும் வரேன்."

குளுவாங் போலீஸ் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் ரெங்கம். டவுன் வருவதற்கு முன்னால் ராசம்மா, "அவங்க கட இங்கதான?" என்றாள். ஷாமளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் இல்லை. திருப்பு என்று ஜாஸிமுக்குக் கை காட்டினாள்.

கஸ்தூரி இன்னும் அந்தக் கதவின் முன்னால்தான் நின்றாள். முதல் எழுத்தே இன்னும் முழுதாக அழியவில்லை. காரிலிருந்து இறங்குவது யார் என்று தெரிந்ததும் அவள் பின்வாங்கினாள். ராசம்மா ஓராள் உயரத்துக்கு எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்தாள். திரும்பிக் காருக்குள் இருந்த மகனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்ததே அவளுக்குப் பதிலாகப் போய்விட்டது.

"உன் வீட்டுக்காரரு வந்துருவாரும்மா," என்றாள் கஸ்தூரியிடம். "இவன் போய் சொல்லப் போறான். நீங்க போங்க தங்கச்சி, நான் இங்க இருக்கேன்." கடைசியாகச் சொன்னது ஷாமளாவுக்கு.

கஸ்தூரி ஷாமளாவைப் பார்த்தாள். ஷாமளா தலையசைத்தாள். அப்போதும் கஸ்தூரியின் முகத்தில் ஒன்றும் இளகவில்லை. ராசம்மா அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டபோது தடுக்கவும் இல்லை, வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. பிறகு தின்னர் டின்னைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினாள்.

ராசம்மா துணியை நனைத்து, கஸ்தூரி விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.